வரப்பில் வந்தது யார்?

கேள்வி: ராத்திரி குறுவைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன என் மாமா, வரப்பில் ஆள் உயரக் குரங்கைப் பார்த்தாராம். நம்பலாமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: மாமாவை நம்புங்கள், அவருடைய டார்ச்சை நம்பாதீர்கள். 2001 மே மாதம், வெக்கையும் மின்வெட்டுமாக மொட்டை மாடியில் படுத்திருந்த தில்லிக்காரர்களைக் ‘குரங்கு மனிதன்’ பிறாண்டினான். உயரம் ஆளுக்கு ஆள் மாறியது. ஹெல்மெட், இரும்பு நகமெல்லாம் பிறகு வந்து சேர்ந்தன. போலீஸ் படம் வரைந்து, 50,000 ரூபாய் பரிசும் அறிவித்தது. பீதியில் மாடியிலிருந்து குதித்துச் சிலர் செத்ததுதான் கொடுமை. கடைசியில் ஆராய்ந்தவர்கள், எல்லாம் கூட்டுப் பீதி என்று கோப்பை மூடினார்கள். இந்தியாவில் வாலில்லாக் குரங்கு கிப்பன் மட்டும்தான், அதுவும் அசாம் பக்கம். பாபநாசம் வர அதற்கு ரயிலில் இடம் கிடைக்காது. மாமாவோடு தண்ணீர் முறைக்குச் சண்டை போடும் பக்கத்து வயல்காரர், அன்றைக்குக் கருப்புக் கம்பளி போர்த்தியிருந்தாரா என்று விசாரியுங்கள்.