ஆடிஷனும் ஜாக்சன் துரையும்: ஆண்டிபட்டி வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

1. ஆய்வுச் சிக்கல்

நாடக மேடைக்கு முதன்முதலாக ஆடிஷன் போகிறவர் எப்படி ஆயத்தமாக வேண்டும் என்பது குறித்து ஆண்டிபட்டியில் கருத்துச் சொல்லாதவர் இல்லை. ஆடிஷன் போனவர்தான் அரிது. அறிவு இவ்வளவு பெருகியும் அனுபவம் பெருகாதது ஏன் என்பதே நம் சிக்கல்.

நடிகர்களைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வூர் கைதேர்ந்தது. 1984 தேர்தலில் எம்.ஜி.ஆர். நியூயார்க்கின் புரூக்ளினில் மருத்துவமனையில் இருந்தபடியே இத்தொகுதியில் வென்றார். 2002 இடைத்தேர்தலில் ஜெயலலிதா வென்றார். நேரில் வராமலே ஒருவர் தேர்வானதற்கு 1984 தக்க சான்றுதான். ஆயினும் அதை நம்பி வீட்டிலேயே படுத்திருக்கும் விண்ணப்பதாரர்களுக்கு ஒரு நினைவூட்டல்: அதே எம்.ஜி.ஆர். சிறுவயதில் அண்ணன் சக்கரபாணியோடு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனிக்கு நேரில் போய்த்தான் சேர்ந்தார்.

2. தொண்டைக் கோட்பாடு

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய காலத்தில் மைக் கிடையாது. பையனின் பாட்டு கடைசி வரிசைக்கு எட்ட வேண்டும். குரல் உடைந்து மகரக்கட்டு வந்துவிட்டால் ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஆட்டம் காணும். ஆகவே தொண்டையே மூலதனம்.

மைக் வந்து பல பத்தாண்டுகள் ஆகியும் இக்கோட்பாடு நம் வீடுகளில் திருத்தமின்றி நீடிக்கிறது. ஆடிஷன் என்ற சொல் காதில் விழுந்ததும் மிளகுப்பால், பனங்கற்கண்டு, அதிமதுரம், சித்தரத்தை ஆகியவை அடுத்தடுத்து உள்ளே செலுத்தப்படுகின்றன. ஃபிரிட்ஜ் தண்ணீர் தடைசெய்யப்படுகிறது. சக்கம்பட்டிப் பக்கத்து விண்ணப்பதாரருக்குக் கூடுதல் சாதகம் ஒன்றுண்டு: தறிச் சத்தத்துக்கு மேலே பேசியே வளர்ந்தவர். இக்குரலை 'தறிக்குரல்' என வகைப்படுத்துவோம். இதன் குறை, பத்துக்குப் பத்து அறையில் தேர்வாளர் காதைப் பொத்திக்கொள்வது.

3. கட்டபொம்மன் நோய்க்குறி

அடுத்தது வசனத் தேர்வு. இதில் கருத்து வேறுபாடே இல்லை: கட்டபொம்மன். 1959-இல் படமாவதற்கு முன்பே சிவாஜி மேடையில் நடித்துவிட்ட நாடகம் என்பதால், வசனத்தின் மேடைத் தகுதியை நாம் மறுப்பதற்கில்லை. பீரோக் கண்ணாடி முன்னும் மொட்டைமாடியிலும் விண்ணப்பதாரர் வரி தர மறுத்துக்கொண்டே இருக்கிறார். தம்பி ஒருவன், வரி கேட்கும் ஜாக்சன் துரையாக நிறுத்தப்படுகிறான். அவன் கடமை அசையாமல் நிற்பது.

இவ்வறிஞர் கூட்டத்தில் உருப்படியான திறனாய்வு திண்ணையிலிருந்துதான் வந்தது. வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பத்தா கேட்டார்: "ஏண்டா, அந்தத் தொரை வாயத் தொறக்கவே மாட்டானா?"

இவ்வினா சாதாரணமானதன்று. ஆயத்தம் முழுவதும் பேசுவதற்கே செய்யப்படுகிறது, எதிராளிக்குப் பதில் சொல்ல யாரும் பழகுவதில்லை என்ற அடிப்படைக் குறையை அது சுட்டுகிறது. ஆடிஷன் அறையில் தேர்வாளர், "நல்லா இருக்கு தம்பி, இதையே கெஞ்சுற மாதிரி சொல்லுங்க" என்றால் போதும். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை அங்கேயே விழுந்துவிடும்.

4. ஒப்பீட்டுத் தரவு: ஸ்பெஷல் நாடகம்

இக்குறைக்கு மருந்து நம் வட்டாரத்துத் திருவிழாக்களிலேயே விடிய விடிய இலவசமாகக் கிடைத்துவந்திருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்கு நிலையான குழு இல்லை. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். தனித்தனியே பேசி அமர்த்தப்பட்டு வருகிறார்கள். ஒத்திகை கிடையாது. மேடையேறிய பிறகுதான் ஒருவர் சரக்கு மற்றவருக்குத் தெரியும்.

சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நடக்கும் இரவில் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் மூளும். நாரதர் எந்தக் கேள்வியைப் போடுவார் என்று வள்ளிக்கு உறுதியில்லை. வள்ளி எந்தப் பாட்டில் மடக்குவார் என்று நாரதருக்கும் தெரியாது. ஆர்மோனியக்காரர் இருவர் வாயையும் பார்த்தபடியே விரலை வைத்திருப்பார். திணறினால் ஊரே சிரிக்கும். ஒவ்வொரு இரவும் ஆடிஷன். கூட நடிப்பவரே தேர்வாளர். இங்கே மனப்பாடம் பாதி; மறுபாதி காது. தொண்டைக் கோட்பாட்டினர் காதுக்கு ஒரு கஷாயமும் கண்டுபிடிக்கவில்லை என்பது கவனத்துக்குரியது.

5. பரிந்துரைகள்

அ) கட்டபொம்மனை விட வேண்டாம்; துரைக்கும் வசனம் கொடுங்கள்.
ஆ) தம்பி நாளுக்கொரு விதமாகக் குறுக்கிடட்டும். ஒருநாள் சிரிக்கட்டும், ஒருநாள் வரியே வேண்டாம் என்று சொல்லிவிடட்டும்.
இ) மிளகுப்பால் தொடரலாம். பயன் நிறுவப்படவில்லை, மறுத்தால் வரும் விளைவு நிறுவப்பட்டுள்ளது.

இம்முறையில் ஓர் இடர் மட்டும் உண்டு. அதைத் தவிர்க்க, ஆடிஷன் அன்று துணைக்கு அப்பாவை அழைத்துச் செல்வதே உத்தமம். இத்தனை நாள் குறுக்கிட்டுப் பழகிய தம்பியை வாசலில் உட்கார வைத்தால், தேர்வாளர் அவனைத்தான் உள்ளே கூப்பிடுவார்.