வருக வருக, பார்படாஸ்!

பார்படாஸ் நாட்டுக்கு இருக்கும் பெரிய மனசு யாருக்கு வரும்? இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டினால் போதும், விசா என்ற பேச்சே எடுக்காமல் 90 நாள் இருந்துவிட்டுப் போ என்கிறது. அமெரிக்க விசாவுக்குத் தேதி கிடைக்க மாதக்கணக்கில் காத்துக் கிடந்து, பஸ் பிடித்துப் போய், சென்னை ஜெமினி மேம்பாலத்துப் பக்கம் வெயிலில் வரிசை நின்று பழகியவன் பெங்களூர்க்காரன். இப்படி ஒரு தேசம் இருக்கிறது என்று கேட்டால் அவனுக்குக் கண் கலங்காதா?

எங்கள் ஸ்ரீராம்புரம் நடைபாதையில் பூக்கடை வைத்திருக்கும் ஒருவருக்கும் அப்படித்தான் கலங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவல் மைதானம், இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதியாட்டம். மகனைக் கூட்டிக்கொண்டு போய் நேரிலேயே பார்த்துவிடுவது என்று முடிவெடுத்துவிட்டார். மகளுக்கென்று கட்டிவந்த சீட்டையும் தள்ளி எடுத்தாயிற்று.

தீவு கேட்பதும் அதிகமில்லை. காலாவதியாகாத பாஸ்போர்ட், தங்குமிடத்தின் முகவரி, போய் இறங்குவதற்கு முன் இணையத்தில் நிரப்பும் ஒரு படிவம், திரும்பிப்போகும் டிக்கெட். விருந்தாளி செருப்பைக் கழற்றும்போதே “எப்பக் கிளம்பறீங்க?” என்று கேட்டால் நம் பக்கம் ஜென்மப் பகை. அங்கே அதுதான் சட்டம். ஒளிவுமறைவில்லாத மனுஷர்கள்.

இன்னொரு விதியும் உண்டு. ராணுவ உடைபோல் பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக அச்சடித்த துணியை அங்கே சாதாரண ஜனங்கள் உடுத்தக் கூடாது, குழந்தைக்குக்கூடப் போடக் கூடாது. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸ் நடைபாதையில் பேரம் பேசி வாங்கிய மிலிட்டரி டிராயரைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட வேண்டியதுதான். பெங்களூரில் மிலிட்டரி என்றால் ராகி களியும் கைமா உருண்டையும் கிடைக்கும் ஓட்டல். நமக்கு ராணுவ உடையின் அருமை தெரியாது. சில நூறு பேரே கொண்ட பார்படாஸ் படை, ஒரு பையனின் அரைக்கால் டிராயரைப் பார்த்துக் குழம்பிப்போய்விட்டால் தேசம் என்னாவது?

ஆக, கதவு திறந்தேதான் இருக்கிறது. அந்தக் கதவு வரைக்கும் பெங்களூரிலிருந்து நேர் விமானம் இல்லை, அவ்வளவுதான். லண்டன் வழியாகப் போகலாம். அங்கே வெளியே எட்டிக்கூடப் பார்க்காமல், ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறும் அந்த நடைக்கு இந்தியர்கள் தனியாக விசா எடுக்க வேண்டும். அமெரிக்கா வழியென்றால் அந்த நடையும் கிடையாது. அந்த நாட்டுக்குள் முறைப்படி நுழைந்துதான் வெளியேற வேண்டும். அதற்கு சி-1 என்று ஒரு விசா. சாமி வரம் கொடுத்தாயிற்று, பூசாரிதான் பாக்கி. பூசாரியைக் குறை சொல்லாதீர்கள். வரத்தின் மதிப்பு நமக்கு விளங்க வேண்டும் என்றுதான் அவர் இவ்வளவு பாடுபடுகிறார்.

பூக்கடைக்காரரிடம் பூசாரி கேட்டது பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு. விடிவதற்கு முன் கே.ஆர். மார்க்கெட்டில் ரொக்கத்துக்கு வாங்கி, பொழுது சாய்வதற்குள் ரொக்கத்துக்கே விற்கும் மனிதருக்குச் சம்பளச் சீட்டை யார் எழுதித் தருவது, மல்லிகையா? சீட்டெடுத்த பணம் கணக்கில் மொத்தமாக வந்து விழுந்ததும் சந்தேகத்துக்கு இடமாயிற்று. நீங்கள் ஊர் திரும்புவீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு ஏற்படவில்லை என்று மிக மரியாதையான கடிதம் வந்தது. முப்பது வருஷமாக ஒரு நாள் தவறாமல் அதே நடைபாதைக்குத் திரும்பி வருகிறவரைப் பற்றி இப்படி ஒரு ஐயம் எழுவதற்கே தனிக் கூர்மை வேண்டும்.

அந்த அதிகாரியின் தீர்க்கதரிசனத்தையும் சொல்லியாக வேண்டும். நாம் 7 ரன்னில் ஜெயித்தோம். பின்னாலேயே பெரில் புயல் வந்தது, விமான நிலையம் மூடியது, கோப்பையோடு நம் வீரர்கள் ஓட்டலில் நாள்கணக்கில் அடைபட்டார்கள். தனி விமானத்தில் டெல்லி வந்து இறங்கியபோது ஜூலை 4. பூக்கடைக்காரரோ வீட்டு டிவியில் ஆட்டம் பார்த்துவிட்டு, மறுநாள் விடிகாலை மார்க்கெட்டில் நின்றார். எப்பேர்ப்பட்ட ஆபத்திலிருந்து காப்பாற்றப்பட்டார்! விசாக் கட்டணம் திரும்பக் கிடைக்காது. காப்பாற்றிய கூலி.

இத்தனை படியும் ஏற முடியாதவர்களுக்கு அக்கம்பக்கத்துத் தீவுகள் சுலப வழி வைத்திருக்கின்றன. ஆண்டிகுவா, டொமினிகா, கிரெனடா, செயின்ட் கிட்ஸ், செயின்ட் லூசியா ஆகிய ஐந்தும் குடியுரிமையையே விலைக்குத் தருகின்றன. இன்றைய விலை இரண்டு லட்சம் டாலரிலிருந்து தொடங்குகிறது. சம்பளச் சீட்டுத் தொல்லை கிடையாது. வைர வியாபாரி மெகுல் சோக்சி 2017இல் ஆண்டிகுவா குடிமகனானார். அவர் பேர் அடிபடும் பஞ்சாப் நேஷனல் வங்கியின் 13,000 கோடி ரூபாய் மோசடி வெளியே தெரிவதற்கு முன், 2018 ஜனவரியிலேயே, இந்தியாவைவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் திரும்பி வருவாரா என்ற கவலை எந்தக் கவுன்டரிலும் யாருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. நல்லவர்களைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ளும் தீவுகள் அவை.

நம்மவர்களுக்குக் கதவு அகலத் திறந்த காலமும் ஒன்று இருந்தது. 1854 கடைசியில் முதல் கப்பல் அதே பக்கத்திலுள்ள குவாடலூப் தீவில் போய் நின்றது. அதன்பின் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். விசா இல்லை, வங்கிக் கணக்கு இல்லை. ஐந்து வருஷ ஒப்பந்தமும் ஒரு கைநாட்டும் போதும். ஊர் திரும்புவார்களா என்ற சந்தேகமும் யாருக்கும் எழவில்லை. பலர் திரும்பவே இல்லை, அதை யாரும் குற்றமாகவும் எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே அவர்கள் கும்பிட்ட மாரியம்மனுக்கு இன்றைக்கும் கோயில் இருக்கிறது.

அந்தக் கோயிலைப் பார்க்க ஸ்ரீராம்புரத்திலிருந்து யாராவது கிளம்பினால் பிரெஞ்சு விசா வேண்டும். வழக்கமான ஷெங்கன் விசா அங்கே செல்லாது. அந்தத் தீவுக்கும் செல்லும் என்று தனியாகக் குறித்து வாங்க வேண்டும். விண்ணப்பத்தோடு சம்பளச் சீட்டை இணைக்கவும்.