ஐந்து ரூபாய்க் கலவரம்

பீஷ்ம சாஹ்னியின் 'தமஸ்' நாவலில் வில்லன் யார்? பன்றியைக் கொன்ற நத்துவா, கொல்லச் சொன்ன முராத் அலியா?
*(வாசகர், தேனி)*

ஆங்கிலேயக் கலெக்டர் ரிச்சர்டை ஏன் விட்டுவிட்டீர்கள்?

நத்து தோல் தொழிலாளி. கால்நடை மருத்துவருக்கு என்று சொல்லி முராத் அலி ஐந்து ரூபாயைக் கையில் திணித்ததால் விடிய விடியப் போராடிப் பன்றியைக் கொன்றான். மறுநாள் அது மசூதிப் படியில் கிடந்தது; கலவரத்துக்கு அதுவே பொறி. ரிச்சர்டோ வீட்டில் புத்தர் சிலைகளைச் சேர்த்து வைத்திருந்தவர்; ஊர்ப் பெரியவர்கள் தேடிப்போய் ஊரடங்கு போடச் சொல்லிக் கெஞ்சியபோது தட்டிக்கழித்தார். என் தீர்ப்பில் முதல் குற்றவாளி அவர்தான். கடைசியில் அமைதிப் பேருந்தில் உட்கார்ந்து ஒற்றுமைக் கோஷம் போடுகிறவன் முராத் அலி! அடையாளம் காட்ட நத்து உயிரோடு இல்லை.

அப்படியானால் நாவலில் நல்லவர் ஒருவர்கூட இல்லையா?

ராஜோ என்ற முஸ்லிம் பெண் இருக்கிறாளே! கலவரத்தில் தப்பி வந்த சீக்கிய டீக்கடைக்காரர் ஹர்னாம் சிங்கையும் மனைவி பந்தோவையும் வீட்டில் ஒளித்து வைத்தவள். தன் வீட்டு ஆண்களே கொள்ளையடித்து வந்த பெட்டியிலிருந்த நகையையும் பந்தோவிடமே திருப்பிக் கொடுத்தாள். அந்த இடத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

சாஹ்னி ராவல்பிண்டிக்காரர், 1947 பிரிவினைக் கலவரத்தை நேரில் பார்த்தவர். ஆனால் எழுத உட்கார்ந்தது, 1970 கலவரத்தில் எரிந்த மகாராஷ்டிரத்துப் பிவண்டியைப் பார்த்த பிறகு.