முள்ளண்ணன்

முள்ளண்ணனை ஏரிக்கரைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது சுலபம். இடது கைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தால் போதும். நகமெல்லாம் கீறலாக இருக்கும். தூண்டில் முள்ளின் நுனியை நகத்தின் மேல் சாய்த்து வைத்து, அழுத்தாமல் இழுக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு போனால் முள் மழுங்கல், நகத்தைக் கவ்வி நின்றால் கூர். பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் உதிரிபாகம் செய்யும் ஏதோ ஒரு கம்பெனியில் ஆறு நாள் தரம் பார்த்துவிட்டு, ஏழாம் நாள் ஏரிக்கரையில் இந்தச் சோதனையை நடத்துகிறவர்தான் நம் முள்ளண்ணன். கையில் அறை அறையாகத் தடுத்த பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொரு அறையிலும் ஒரு நம்பர் முள், ஒவ்வொரு அறைக்கும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். ஈரம் உறிஞ்சுவதற்காக உதிரிபாகப் பெட்டிகளில் போட்டு வரும் பொட்டலம் எப்படி ஏரிக்கரைக்கு வந்தது என்று கேட்பது நாகரிகமில்லை. மற்றவர்கள் மீன் கிடைத்ததா என்று விசாரிப்பார்கள். இவர் மட்டும், “தம்பி, என்ன முள்ளு போட்டிருக்க?” என்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். உங்கள் தங்கூசி நரம்பை இழுத்து, முள்ளை நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, செத்த வீட்டுக்கு வந்தவர்போல் தலையை ஆட்டுவார்.

இவரைப் பார்த்துக் கரையே சிரிக்கிறது. சிரிக்க வேண்டியதுதான், ஆனால் எல்லோரும் தப்பான இடத்தில் சிரிக்கிறார்கள் என்பது என் கட்சி. நாலாயிரம் ரூபாய்க்கு ராடு வாங்குகிறவரை யாரும் கேலி செய்வதில்லை. ரீலுக்குள் எத்தனை பேரிங் என்று பெருமை பேசுகிறவரைச் சுற்றிக் கூட்டமே கூடுகிறது. ஆனால் அந்த ராடும் ரீலும் கரையிலேயே நிற்கின்றன, நரம்பு தண்ணீரில் கிடக்கிறது, மீனின் உடம்புக்குள் போவது முள்ளின் நுனி ஒன்றுதான். அந்த நுனி ஏறவில்லை என்றால் மற்ற செலவெல்லாம் காற்று வாங்க வந்த செலவு. அதிலும் இங்கே எல்லோரும் ஆசைப்படுவது விராலுக்கு. ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் அடியில் அசையாமல் பதுங்கியிருந்து, தவளையோ சிறு மீனோ தலைக்கு மேலே போகும்போது பாய்கிற ஜாதி. வாய் முழுக்க எலும்பு. கெண்டையின் மெத்தென்ற உதட்டில் எந்த முள்ளும் ஏறும். விராலின் தாடையில் மழுங்கல் முள் பட்டால் அது ஒரு உதறு உதறித் துப்பிவிட்டுப் போய்விடும். துப்பியது நமக்குத் தெரியாது. “இன்னைக்கு மீனு மூட்ல இல்ல” என்று பழியை மீன் மேல் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவோம்.

அமெரிக்காவில் பாஸ் என்றொரு மீன் உண்டு. நம் ஏரிகளில் அது கிடையாது, ஆனால் குணத்தில் விராலுக்குப் பங்காளி: பாசி ஓரம், பதுங்கல், திடீர்ப் பாய்ச்சல். அதைப் பிடிப்பதற்கென்றே அந்த ஊர்க்காரர்கள் ஒரு தொழிலை வளர்த்தார்கள். ஒஹாயோ மாநிலத்து அக்ரானில் நிக் கிரீம் என்பவர் 1949இல் பிளாஸ்டிக் புழு வார்த்தார். அந்தப் புழுவைச் செருகிக்கொள்ளக் கழுத்து மடிந்த முள் வந்தது. நுனி புழுவின் உடம்புக்குள் ஒளிந்திருப்பதால் பாசியில் மாட்டாது, மீன் கடித்தால் வெளியே வரும். அந்தப் புழுவுக்கும் முன்பே, 1925இல், ஜப்பான் அந்த மீனையே கொண்டுபோய்த் தன் ஏரியில் விட்டுக்கொண்டது. 2009இல் பிவா ஏரியில் பிடிபட்ட 10 கிலோவைத் தாண்டிய பாஸ், 1932 முதல் அமெரிக்காவிடம் இருந்த உலகச் சாதனையைச் சமன் செய்தது. பாஸுக்காகப் பிறந்த அந்த மடக்குக் கழுத்து முள்ளும் ரப்பர்த் தவளையும்தான் இன்று பிள்ளைப்பாக்கத்தில் விராலுக்குப் போடப்படுகின்றன. ஆகவே முள்ளண்ணன் பெட்டியில் ஜப்பான் எழுத்து அச்சடித்த பாக்கெட் இருப்பதில் ஆடம்பரம் எதுவும் இல்லை. ஏற்கெனவே தீர்த்து வைக்கப்பட்ட ஒரு கணக்கின் விடை அது.

இரும்பு விஷயத்தில் அவரை அசைக்கவே முடியாது. நல்ல முள் கார்பன் அதிகமுள்ள எஃகுக் கம்பியில் செய்தது. வளைத்து, எதிர்முள் வெட்டி, சூடேற்றிக் குளிர்வித்துக் கடினமாக்கி, மறுபடி மிதமாகச் சூடேற்றி டெம்பர் பார்த்து, கடைசியில் அமிலக் கரைசலில் முக்கி நுனியைக் கூராக்குகிறார்கள். டெம்பர் குறைந்தால் முள் வளையாமல் நொறுங்கும், கூடினால் இழுத்த இழுப்புக்கு நிமிரும். நோஸ் பிளையரில் தண்டைப் பிடித்து வாயை லேசாக அகட்டினால் சங்கதி தெரிந்துவிடும்: நல்லது கொஞ்சம் விரிந்து பழையபடி திரும்பும், கெட்டது விரிந்தபடியே நிற்கும், மோசமானது டப்பென்று உடையும். வேறு ஊரில் இதை விளக்க ஒரு வகுப்பு எடுக்க வேண்டியிருக்கும். இந்தத் தொழிற்சாலைத் தடத்தில் தேவையில்லை. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் கொரியக் கார் ஓடத் தொடங்கி, 2010இல் ஒரகடத்தில் ஜப்பான் கார் வந்து சேர்ந்தபோது, கார்களோடு டெம்பர், ஹார்டனிங், கைசன் எல்லாம் டீக்கடைப் பேச்சிலும் கலந்துவிட்டன. ஐடிஐ முடித்த பையன் ஒருவன் முள்ளைப் பார்த்து, “ஹீட் ட்ரீட்மென்ட் சரியில்லண்ணே” என்று சொல்லும் ஏரிக்கரை தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது?

முள்ளண்ணனைத் தூக்கமில்லாமல் ஆக்குவது நம்பர் விவகாரம். பத்தாம் நம்பர் முள் பொடி. எட்டு அதைவிடப் பெரிது, ஆறு இன்னும் பெரிது. இப்படி எண் இறங்க இறங்க முள் வளர்ந்துகொண்டே போய் ஒன்றில் வந்து நிற்கும். அதற்கப்புறம் திடீரென்று 1/0, 2/0, 3/0 என்று எண்ணும் ஏறும், முள்ளும் ஏறும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனியின் 2/0 இன்னொரு கம்பெனியின் 1/0 அளவுக்கு இருப்பதும், அதைக் கேட்பாரில்லாமல் இருப்பதும்தான் அவரால் தாங்க முடியாதது. எல்லோரும் கட்டுப்பட்டாக வேண்டிய பொது அளவு என்று ஒன்று இந்தத் தொழிலில் கிடையாது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினால் பாகத்தைச் சிவப்புத் தொட்டியில் எறிகிற மனிதருக்கு இது எப்பேர்ப்பட்ட அநியாயம்! அதனால் பாக்கெட் நம்பரை அவர் நம்புவதில்லை. வெர்னியர் வைத்து வாய் அகலத்தை அளந்து, பெட்டி அறையின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் தன் சொந்த எண்ணை எழுதுகிறார். கரைக்கு இது வேடிக்கை. எனக்கு இதில் நியாயம் தெரிகிறது: தடித்த ரப்பர்ப் புழுவைச் செருகிய பிறகு நுனிக்கும் தண்டுக்கும் நடுவில் மீன் தாடை நுழைய இடம் மிஞ்ச வேண்டும், மிஞ்சுமா என்பதை நம்பர் சொல்லாது, வெர்னியர் சொல்லும்.

இதற்கெல்லாம் எதிர்வாதம் கரையிலேயே, மூங்கில் கழியோடு உட்கார்ந்திருக்கிறது. எந்த ஏரியிலும் ஒரு தாத்தா இருப்பார். கடையில் உதிரியாக வாங்கிய முள், மயில் இறகுத் தண்டில் தக்கை, கொட்டாங்குச்சியில் மண்புழு. முள்ளண்ணன் பெட்டியைத் திறந்து அடுக்கி முடிப்பதற்குள் தாத்தாவின் பையில் அரை கிலோ சேர்ந்துவிடும். “மீனுக்கு எதுக்குப்பா ஜப்பான் முள்ளு?” என்று அவர் கேட்டால் யாருக்கும் பதில் வராது. பதில் இருக்கிறது. தாத்தாவின் பையில் இருப்பது ஜிலேபியும் கெண்டையும். சின்ன வாய், மெல்லிய உதடு, புழுவைக் கண்டால் யோசிக்காத சுபாவம். அந்த வேலைக்கு அந்த முள் சரியான முள். அதைத் தேர்ந்தெடுத்த விதத்தில் தாத்தாவும் ஒரு தர ஆய்வாளர்தான், நாற்பது வருஷ அனுபவத்தில் செய்வதால் அளவுகோல் வெளியே தெரியவில்லை. அதே முள்ளோடு அவர் விராலுக்குப் போகட்டும், பேசலாம். “அந்தக் காலத்துல இதெல்லாமா பாத்தாங்க?” என்று இன்னொரு கேள்வி வரும். பார்த்திருக்கிறார்கள். ஒகினாவாக் குகை ஒன்றில் கிடைத்த முள் சுமார் 23,000 ஆண்டுப் பழையது. கடல் நத்தை ஓட்டை வளைவாக உடைத்து, நுனியைத் தேய்த்துத் தேய்த்துக் கூராக்கியிருக்கிறான் எவனோ. அவனிடமும் கீறிப் பார்க்க நகம் இருந்திருக்கும். இதுவரை கிடைத்த முள்களில் மிகப் பழையவற்றுள் ஒன்றான அதுவும் ஜப்பான் முள்தான் என்பதைத் தாத்தாவிடம் சொல்லாமல் இருப்பது நல்லது.

பிராண்டு மோகம் என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிராண்டைப் பார்த்து மயங்குகிறவர் பாக்கெட்டைப் பார்ப்பார், முள்ளைப் பார்க்க மாட்டார். நார்வேயில் 1832இல் தொடங்கி 1877 முதல் முள் செய்துவரும் முஸ்டாட் பெயரிலோ, ஜப்பானின் கமகாட்சு பெயரிலோ போலிப் பாக்கெட் அடிப்பது பெரிய வித்தை இல்லை. முள்ளைப் போலியாக்குவதுதான் கஷ்டம். அதனால்தான் முள்ளண்ணன் எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் உள்ளே வரும் சரக்கைச் சோதிக்கிறார். கம்பெனியில் ஆயிரத்துக்குச் சில மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள். இவர் பாக்கெட்டில் இருக்கும் ஆறு முள்ளில் ஆறையும் பார்க்கிறார். மற்றவர் பெயருக்குக் காசு கொடுக்கிறார், இவர் பெயரைச் சந்தேகிக்கவே காசு கொடுக்கிறார்.

இவ்வளவு தூரம் அவர் பக்கம். இனிமேல்தான் சிரிக்க வேண்டிய இடம். இத்தனை சோதனையிலும் தேறிய அந்த முள்ளை அவர் தண்ணீரில் போடுவதில்லை. பாசியில் மாட்டிக்கொள்ளுமாம். ஏரிக்குள் மூழ்கிக் கிடக்கிற கருவேலங்கட்டையில் சிக்கி அறுந்துவிடுமாம். ஆகவே ரிஜெக்ட் ஆன முள் எதுவோ அதை எடுத்து நரம்பில் கட்டுகிறார். நல்லது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. கஞ்சத்தனம் என்று இதைச் சொல்ல மாட்டேன். நல்ல முள் ஒன்றின் விலை டீயும் வடையும் சேர்ந்த விலையைத் தாண்டும் என்பதும், காண்ட்ராக்ட் சம்பளத்தில் அது உறைக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் காரணம் காசு மட்டுமில்லை. நல்ல பாகம் ஒன்று வீணானால் யார், எந்த ஷிஃப்ட், ஏன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் ஆறு நாள் இருக்கிறார். ஏரிக்குள் அறுந்துபோகும் முள்ளுக்கும் யாரோ விளக்கம் கேட்பார்கள் என்ற பயம் ஏழாம் நாளும் விடவில்லை. அதே தொழிற்சாலையில், கடைசல் இயந்திரத்தின் வெட்டுமுனை இத்தனை பீஸுக்கு ஒரு தரம் தேயும், எறிந்துவிட்டுப் புதிது மாட்ட வேண்டும், அதற்கு யாரும் துக்கம் காப்பதில்லை என்பதை அவர் கண்ணால் பார்க்கிறார். முள்ளும் அந்த இனம். தேய்வதற்கும் தொலைவதற்கும் சேர்த்தே அதற்கு விலை. தொலையக்கூடிய இடத்தில் போடாத முள்ளை விரால் கடிக்கக்கூடிய இடத்திலும் போட முடியாது. இரண்டும் ஒரே இடம்.

இதைச் சொன்னால் அவர் கோபப்பட மாட்டார். “பெரிய விரால் வரட்டும் தம்பி, அப்ப போடுறேன்” என்பார். பெரிய விரால் கேட்பாஸ் வாங்கிக்கொண்டு வருவதில்லை. அது வருகிற நேரத்தில் எந்த முள் தண்ணீரில் இருக்கிறதோ அதைத்தான் கடிக்கும், அன்றைக்குத் தண்ணீரில் இருப்பது அவரே ரிஜெக்ட் செய்த முள். ராடு வில்லாக வளையும், கரை முழுக்கக் கத்தும், பாசிக்குள் ஒரு புரட்டு, அவ்வளவுதான். நரம்பைச் சுற்றி எடுத்தால் முள் ஆணிபோல் நிமிர்ந்து தொங்கும். எல்லோரும் உச்சுக் கொட்டுகிறபோது முள்ளண்ணன் முகத்தில் மட்டும் வருத்தமே இருக்காது. நிமிர்ந்ததை நாலு பேருக்குத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்துச் சொல்வார்: “டெம்பர் கூடிப்போச்சுன்னு அன்னைக்கே சொன்னேன்ல?”