ஒரு எஸ் குறைந்த விருந்து

எனக்கு இங்கிலீஸ் தெரியும் என்பதில் எங்கள் ஊரில் ஒருவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. வங்கிக்கோ, பாஸ்போர்ட் கந்தோருக்கோ, லண்டனில் இருக்கும் மருமகனுக்கோ கடிதம் எழுத வேண்டுமென்றால் எங்கள் விறாந்தைக்குத்தான் வருவார்கள். பின்னேரங்களில் ஓ.எல். பிள்ளைகளுக்கு டியூசன் வேறு. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் சொற்களைச் சோடி சோடியாகக் கரும்பலகையில் எழுதி, மாறிச் சொன்னவனின் காதைத் திருகியவன் நான். அந்தப் பெருமையோடுதான் மொன்றியலுக்கு வந்து, ஆற்றைக் கடந்து, புரோசார்ட்டில் குடியேறினேன்.

முதல் குளிர்காலம். அம்மாவுக்கு எழுதிய கடிதம் கோட்டுப் பைக்குள் கிடந்தது. பஸ்ஸில் போகும்போது ஒரு பெரிய கட்டடத்தில் 'மெயில் சாம்ப்ளேன்' என்று எழுதியிருப்பதைக் கண்டேன். எம், ஏ, ஐ, எல். கனடாக்காரன் தபாற்கந்தோரைக்கூட எவ்வளவு பெரிதாகக் கட்டியிருக்கிறான் என்று வியந்தபடி இறங்கினேன். உள்ளே சப்பாத்துக் கடை, உடுப்புக் கடை, பிறகும் சப்பாத்துக் கடை. அரை மணித்தியாலம் அலைந்துவிட்டு ஒரு கடைக்காரப் பெண்ணிடம் கடிதத்தை நீட்டி, "மெயில்?" என்றேன். அவள் இரண்டு கைகளையும் அகல விரித்து, சுற்றிலும் காட்டி, "மாய்" என்றாள்.

கடிதம் போட வந்தவனை இப்படியா வாழ்த்துவது?

1977-இல் வந்த மொழிச் சட்டத்தின்படி இங்கே பெயர்ப்பலகைகள் பிரெஞ்சு பேசவேண்டும். அந்த நாலு எழுத்தையும் பிரெஞ்சுக்காரர் 'மாய்' என்றுதான் உச்சரிப்பார்கள். கியூபெக்கில் அதற்குக் கடைத்தொகுதி என்று பொருள். இங்கிலீஸ்காரனின் 'மோல்' அதற்குச் சொந்தச் சகோதரம்; இரண்டும் கட்டையால் பந்தடிக்கும் ஒரு பழைய விளையாட்டிலிருந்து வந்தவை. தபாலைக் குறிக்கும் மெயில் வேறு வீட்டுப் பிள்ளை. அது பயணப்பையைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இதையெல்லாம் வீட்டுக்கு வந்து அகராதியில் பார்த்தேன். கடிதம் மூன்று நாள் கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்தது.

முன்பின் தெரியாத சொல் என்றால் யாரிடமாவது கேட்டிருப்பேன். தெரிந்த முகத்தோடு வந்து நிற்கும் சொல்லிடம் யார் அடையாள அட்டை கேட்பார்கள்?

ஒரே ஒரு இடத்தில் வென்றேன். இங்கிலீசில் 'வலி' என்று வாசிக்கவேண்டிய நாலு எழுத்து, பேக்கரியில் ரொட்டிக்கு மேலே எழுதியிருந்தது. அதைப் பிரெஞ்சுக்காரர் மூக்கால் சொல்வது போர்த்துக்கீசர் எங்களிடம் விட்டுப்போன 'பாண்' மாதிரியே காதில் விழுந்தது. அம்மாவின் உச்சரிப்பில் "பாண்" என்று கேட்டேன். தந்தார்கள். என் பிரெஞ்சின் பொற்காலம் அந்தப் பின்னேரம்தான்.

புரோசார்ட் நகரமும் லேசுப்பட்டதல்ல. இங்கே பேட்டைகள் எழுத்து வாரியாகப் பிரிந்திருக்கின்றன. எஸ் பகுதிக்குள் போனால் சான் பிரான்சிஸ்கோ, ஸ்ட்ராவின்ஸ்கி என்று தெருவெல்லாம் எஸ். முதல் எழுத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு நண்பன் வீட்டைத் தேடிப் போய், முன்பின் தெரியாத வீட்டின் மணியை இரண்டு தரம் அடித்திருக்கிறேன்.

இனி முக்கியமான குற்றத்துக்கு வருகிறேன். மகளுக்குப் பத்தாவது பிறந்தநாள். அந்தக் கிழமைதான் அவள் தமிழ் வகுப்புக் கொப்பியில் 'நான் பல்லிக்குப் போனேன்' என்று எழுதிக்கொண்டு வந்தாள். பள்ளி எது, பல்லி எது என்று ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்தேன். அதே இரவு அதே மேசையில் இருந்து அழைப்பிதழ் அடித்தேன். இங்கிலீஸ் ஒரு பக்கம், பிரெஞ்சு மறுபக்கம், 20 அட்டைகள். இங்கிலீஸ் 'டினர்' என்ற சொல்லில் ஒரு 'என்'னைக் கழற்றி, 'ஐ' எழுத்தின் தலையில் ஒரு தொப்பியை வைத்தேன். 'தினே', பிரெஞ்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று போட்டேன். நேரம் போடவில்லை. எங்கள் ஆட்களுக்கு நேரம் போட்டும் பயனில்லை.

ஞாயிறு பகல் 12 மணி. நான் சாரத்தோடு நின்று ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தேன். மனைவி முன் அறையிலிருந்து ஓடிவந்தாள். "இஞ்சேருங்கோ, பக்கத்து வீட்டு ஆக்கள் பூவும் போத்திலுமா வெளிக்கிட்டு வந்து நிக்கினம்!"

இரண்டு பேரும் எழுபதைத் தாண்டிய கியூபெக்காரர். அவர் கழுத்தில் டை. அந்த அம்மா முத்துமாலை போட்டிருந்தா. என் கையில் கத்தி. சமையல் பின்னேரத்துக்குத்தான் என்று என் பிரெஞ்சில் ஒருமாதிரி விளங்கப்படுத்தினேன். அவர் வெறுங்கோப்பை அடுக்கிய மேசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்குப் பிடிபட்டது 'தெசெப்சியோன்' என்ற ஒரு சொல்தான். இங்கிலீசில் அது மோசடி. பதறிப்போய், நான் யாரையும் மோசடி செய்கிறவன் அல்ல என்று கத்தியை நெஞ்சில் வைத்துச் சத்தியம் பண்ணினேன். அந்த அம்மா ஓரடி பின்னால் போனா.

அவர் அடைந்தது ஏமாற்றம். நான் கேட்டது ஏமாற்று. தமிழில் யோசித்திருந்தால் தப்பியிருப்பேன்.

மகள்தான் வந்து காப்பாற்றினாள். முதலில் அவர்களிடம் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்பா, இஞ்ச தினே எண்டால் மத்தியானச் சாப்பாடு. இரவுக்குச் சூப்பே. இது முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்" என்றாள். அட்டையின் மற்றப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "டெசர்ட்டுக்கு ஒரு எஸ் குறையுது. சாப்பாட்டுக்குப் பிறகு பாலைவனம் எண்டு எழுதியிருக்கிறியள்." கொஞ்சம் நிறுத்தி, "பள்ளி, பல்லி மாதிரி" என்றாள்.

அயலவர்கள் அன்று மத்தியானம் முதல்நாள் பாணும் தேங்காய்ச் சம்பலும் முட்டைப் பொரியலும் சாப்பிட்டார்கள். அவருக்கு உறைப்பில் கண்ணீர் வந்தது. பின்னேரமும் வந்தார்கள், டை இல்லாமல்.

இரவு நான் அகராதியோடு வழக்குக்குத் தயாரானேன். டினர், தினே, பிரான்சில் மத்தியானச் சாப்பாட்டைக் குறிக்கும் தெஜூனே மூன்றும் ஒரே லத்தீன் வேரில் முளைத்தவை. நோன்பை முறிப்பது என்பது பொருள். அந்தக் கணக்கில் காலையிலேயே வந்திருக்கவேண்டிய அவர்கள்தான் பிந்தி வந்தார்கள் என்று வாதாடினேன். மனைவி விளக்கை அணைத்துவிட்டாள்.

திருந்தினேனா? அடுத்த மாதம் எங்கள் தமிழ் வகுப்புக்குக் கொப்பி, பென்சில் தந்தவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். 'ஸ்டேஷனரி' என்ற சொல்லில் 'ஈ' வரவேண்டிய இடத்தில் 'ஏ' போட்டு, 'நீங்கள் தந்த அசையாப் பொருட்களுக்கு நன்றி' என்று ஆக்கிவிட்டேன். என்வலப்பின் ஈ என்று நினைவில் வை என ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்! பழைய ஐரோப்பாவில் ஊர் ஊராக அலையாமல் ஓரிடத்தில் நிலையாகக் கடை போட்ட புத்தக வியாபாரிதான் ஸ்டேஷனர். ஆகவே இரண்டு சொல்லும் ஒரு தாய்ப் பிள்ளைகள். அந்தக் கொப்பிகளும் ஆறு மாதமாக அலுமாரியை விட்டு அசையவில்லை. ஆனாலும் பிழை பிழைதான்.

இந்த வருடம் அழைப்பிதழை மகளே எழுதினாள். இங்கிலீசிலும் பிரெஞ்சிலும் 18 மணி என்று போட்டிருக்கிறாள். இனிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கீழே தமிழில் ஒரு வரி: 'தமிழ்ப் பல்லி முடிந்ததும் எல்லோரும் வரவும்.'

கண்டேன். வாய் திறக்கவில்லை.