கத்திரி வெயிலில் ஆங்கிலம்

கேள்வி: எங்கள் சேலையூர் வீட்டு மாடியில், ஆங்கிலம் கற்க வந்த ஆப்பிரிக்க மாணவர் ஒருவர் குடியிருக்கிறார். கோடை விடுமுறையை அவர் எவ்விதம் கழிக்கலாம்?

பதில்: ஆங்கிலம் பயிலும் பொருட்டுக் கடல் கடந்து தாம்பரம் பக்கம் வந்து சேர்ந்தவருக்கு அக்கினி நட்சத்திரத்தினும் கடினமான பரீட்சை வேறு வேண்டுவதில்லை, ஆயினும் கேட்டுவிட்டீர்கள். 1837-ல் பட்டணத்தில் தோன்றி, நூறாண்டு கழித்து 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்தவக் கல்லூரியின் விருட்சங்களடியில், அனுமதி பெற்று அதிகாலையில் உலவினால், புள்ளிமான்களைத் தரிசிக்கலாம். அவை எவருடைய இலக்கணப் பிழையையும் திருத்துவதில்லை. வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை தவிர்த்துப் போகலாம்; அன்று புலிக்கும் விடுமுறை. வேடந்தாங்கல் வேண்டாம். அவரைப் போலவே வெளிதேசத்திலிருந்து அங்கு வரும் பறவைகள், வெயில் முற்றுமுன் ஊர் திரும்பிவிடும் விவேகம் படைத்தவை.

மெய்யான ஆங்கில வகுப்பு நடப்பதோ, 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில்தான். மூவர் அமர்ந்த ஆசனத்தின் ஓரத்தில் நான்காமவராகிய ஸ்தூல சரீரி ஒருவர், 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்' என்று மொழிந்தவண்ணம் அமர்வாரேயானால், அச்சொல்லுக்கு எந்த ஆங்கில அகராதியும் அறியாத அர்த்தத்தை நம் மாணவர் விலாவெலும்பாலேயே கிரகித்துக்கொள்வார்.

மாலையில் நிலையத்து வாசலில் நுங்கு வாங்கட்டும். விலை பேசப் பழகட்டும். அடுத்த மாதம் உம்மிடமே வாடகையைத் தமிழில் பேரம் பேசினால், என்மேல் கோபம் கொள்ளாதீர்.