ரசீது இல்லாத ரோஷம்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில ஒக்காரு. குடிதண்ணி வரி கேட்டு வந்த ஊராட்சி ஆளை, "இந்தத் தண்ணிக்குக் காசு ஒரு கேடா"ன்னு வெரட்டி வுட்டியாமே? சபாஷ்! தெருவே பேசுது. நம்ம வம்சத்துல இப்படியொரு வாய் எனக்கப்புறம் ஒனக்குத்தான்.

அந்த ஆளு தெருமுனை தாண்டல, கேன் வண்டி வந்துச்சு. 20 லிட்டருக்கு 40 ரூபாய மறுபேச்சில்லாம நீட்டினே. எந்த ஊரு போர் தண்ணின்னு கேட்டியா? கேன் மேல உரிம எண்ணும் அடைச்ச தேதியும் இருக்கான்னு திருப்பிப் பாத்தியா? அங்க ஏன் அந்த வாய் தொறக்கல?

படிச்ச புள்ள, ஒரு கணக்கு சரிபாரு. கேன் தண்ணி லிட்டரு 2 ரூபா. ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டருன்னு வெச்சிருக்கான். நம்ம வூட்டுல அஞ்சு பேருக்கு 275 லிட்டரு. கேன் வெலைக்குப் போட்டா நாளைக்கு 550 ரூபா, மாசம் 16,500. அந்த வெலைத் தண்ணியில எருமையக் கழுவினா எருமையே வெக்கப்படும். ஊராட்சி மாசம் பூராவுக்கும் கேக்கறது அஞ்சாறு கேன் காசுகூட இல்ல. அதுக்குத்தான் ஒனக்கு ரோஷம்!

அதுக்காகக் கொழாத் தண்ணியக் கும்பிட்டுக் குடின்னு சொல்லல. இது தருமபுரிடா. நம்ம பாறையிலேயே ஃப்ளோரைடு கெடக்கு. போரை ஆழமா எறக்கினா அதுவும் தண்ணியோட ஏறி வரும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமத் தாண்டினா ஆகாது. ஒம் பல்லைக் கண்ணாடியில பாரு, வெத்தலையே போடாமக் காவி! பல்லு முளைக்கற வயசுல குடிச்ச தண்ணி எழுதின எழுத்து அது. 2013-ல ஒகேனக்கல் தண்ணி வந்துச்சு. ஆனா ஆத்துத் தண்ணி பத்தாத அன்னிக்குத் தொட்டியில போர் தண்ணியையும் சேத்து ஏத்தறான். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. கொதிக்க வெச்சாப் போயிடும்னு ஒங்கம்மா சொல்றா. கிருமிதான் போவும், தண்ணி சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு இன்னும் கெட்டிப்படும்.

அதனால நல்ல புத்தி சொல்றேன், கேட்டுக்க. மகளிர் குழுப் பொண்ணுங்ககிட்டத் தண்ணி பாக்கற பெட்டி இருக்கு. அந்தப் பக்கம் போவாதே. ஒரு கிளாஸ் குடுத்தா ஃப்ளோரைடு எவ்வளவுன்னு சொல்லித் தொலைச்சுடுவாங்க. வருசத்துக்கு ஆறு தடவை கிராம சபை கூட்டறான், மார்ச் 22 தண்ணி நாளன்னிக்கும் கூட்டறான். அங்கயும் எட்டிப் பாக்காதே. போனா, "பரிசோதனை முடிவு எங்க? தொட்டிய எப்பக் கழுவினீங்க? கடைசிக் கொழாயில குளோரின் 0.2 மில்லிகிராமாவது நிக்குதா?"ன்னு கேக்கணும். பாக்கி வெச்சவன் எழுந்தா, "மொதல்ல நீ வரியக் கட்டுப்பா"ன்னு ஒரே வார்த்தையில ஒக்கார வெச்சுடுவான். எதுக்குடா மானக்கேடு?

மறந்தும் வரியக் கட்டிட்டு, ரசீதைக் கையில புடிச்சுக்கிட்டு அங்க எழுந்துடாதே. கூட்டம் நடத்தறவருக்கு வேர்த்து வழியும், பாவம். அந்த வேர்வையப் பாக்க நானா இருந்தா ரெண்டு வருச வரிய முன்கூட்டியே கட்டுவேன்.